ஆடிக்குள் ஆற வேண்டும்

ஏப்ரல் 10, வியாழன்

நவநீதனுக்கு நிச்சயமாகிவிட்டது. அவன் தங்கை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். என் நம்பரை எடுத்துவிட மறந்துபோனாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. நான் ஒன்றும் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது. நாலைந்து தடவை பட்டது.

பெண் பெயர் மிதுனா. உடுமலைப் பக்கம். பி.ஃபார்ம் படித்தவளாம். ஆவணியில் கல்யாணம்.

பொள்ளாச்சி ருக்மணி அம்மாள், அதாவது நவநீதனின் அம்மா, என் முன்னாள் மாமியார், கல்யாணப் பட்டு என்றால் கோயமுத்தூரில் நான் வேலை பார்க்கும் இந்தக் கடைக்குத்தான் வருவார். மூன்றாவது மாடிதான். எனக்கும் இங்கேதான் எடுத்தார். ஆடியில் அந்த வீட்டில் கைக்குட்டைகூட வாங்க மாட்டார்கள். ஆக, ஆனி முடிவதற்குள் ஜவுளி எடுக்க வந்தே தீர வேண்டும்.

போன வருஷம் இந்தக் கடையில் சேர்ந்தபோது மூன்றாவது மாடி பட்டுப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே ஏசி நன்றாக இருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

எழுதியே வைத்துவிடுகிறேன். மனசுக்குள் வைத்திருந்தால் புளித்துப் பொங்குகிறது.

கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. இரண்டு தடவை என் தொப்புளில் ஓட்டை போட்டு, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முதல் தடவை ஒன்றும் இல்லை என்றார்கள். "நல்லாப் பாருங்க டாக்டரம்மா, எதாச்சும் இருக்கும்" என்று மாமியார் சொல்லி, இரண்டாம் தடவையும் பார்த்தார்கள். அவனுடைய ரிப்போர்ட்டைக் கேட்டபோது 'நார்மல்' என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அது யாருடையதோ, பழநியாண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம் நான் மலடி ஆனேன். அப்புறம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு விலகினேன். அப்புறம் என் சீர் சாமான்கள் ஒரு டெம்போவில் திரும்பி வந்தன. அதில் என் பீரோவும் வந்தது. அதன் உள் லாக்கர் சாவி ஐந்து வருஷமும் அவனிடம்தான் இருந்தது. வந்த மறுநாள் ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தேன். பின் தகட்டுக்கும் லாக்கருக்கும் நடுவே ஒரு உறை சொருகியிருந்தது.

அவன் பெயர். எங்கள் கல்யாணத்துக்கு நாலு மாசம் முந்திய தேதி. விந்தணு எண்ணிக்கை என்ற இடத்தில் இல்லை என்று இருந்தது. குறைவு என்று இல்லை, சுத்தமாக இல்லை. பின்பக்கம் மாமியாரின் கோணல் கையெழுத்து: 'நவநீ, 18ஆம் தேதி மறுபடி டெஸ்ட். வெறும் வயிறான்னு கேக்கணும்.'

ஆகத் தெரிந்தே என்னைக் கட்டி வைத்தார். தெரிந்தே என் தொப்புளைக் குடைய விட்டார்.

அம்மாவிடம் காட்டினேன். "போனது போகட்டும் விடு கண்ணு. இதைத் தூக்கிட்டு ஊருக்குள்ள போனா உன்னையத்தான் சிரிப்பாங்க" என்றாள். விட்டேன். ஆனால் கிழிக்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் சொல்லலாமே என்று யாராவது கேட்கலாம். சொல்ல மாட்டேன். இவள் போகட்டும். இவளுக்கும் மூன்று வருஷம், நாலு வருஷம் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். ஒருத்தி மலடியாக இருக்கலாம். இரண்டு பேருமா? அப்போது ஊரே விரலை அந்த வீட்டுப் பக்கம் திருப்பும். நான் வாயே திறக்காமல் நடக்கும். இதைவிடப் பெரிய பழி வேறு என்ன?

நடுவில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்றால், எனக்கு என்ன? எனக்கு ஆனபோது யார் கேட்டார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வார லீவு. ஆர்.எஸ்.புரத்தில் போய்த் தொப்புள் குத்திக்கொண்டேன்.

குத்தியவள் பெயர் ஷெர்லி. நாகர்கோவில்காரி. கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தாள். என் தொப்புளைப் பார்த்துவிட்டு, "கீழ தழும்பு இருக்கே, ஆப்பரேஷனா?" என்றாள். ஆமாம் என்றேன். எத்தனை வருஷமாச்சு என்று கேட்டு, அமுக்கிப் பார்த்து, "மேல் விளிம்புல குத்துனா பிரச்சினை இல்ல" என்று பேனாவால் புள்ளி வைத்தாள். கண்ணாடியில் நிற்க வைத்து, உட்கார வைத்து, மறுபடி நிற்க வைத்துப் பார்த்தாள். டாக்டரம்மாகூட இவ்வளவு பார்க்கவில்லை.

"மூச்ச இழுத்து, விடுங்க" என்றாள். விடும்போது குத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலிக்குத்தான்.

டைட்டேனியத்தில் வளைந்த சின்னக் கம்பி. இரண்டு முனையிலும் உருண்டை. காலையும் மாலையும் மருந்துக்கடை உப்புத் தண்ணீர். கை வைக்கக் கூடாது. எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, இடுப்பில் இறுக்கமாக எதுவும் கூடாது.

"எப்போ ஆறும்?"

"ஆறு மாசம். சிலருக்கு ஒம்பது."

"ஆடிக்குள்ள ஆறணும்."

"அது உங்க தொப்புள் கிட்டல்ல கேக்கணும்?" என்று சிரித்தாள்.

எதற்கு என்று எழுதவில்லையே. தாலிக்கொடியைத் திருப்பிக் கொடுத்த அன்று, அதில் இருந்த பொன் குண்டு ஒன்று அறுந்து என் பைக்குள் விழுந்துவிட்டது. தானாக. அதை வளையமாக அடித்துத் தொப்புளில் போட்டுக்கொண்டு, ருக்மணி அம்மாள் முன்னால் சேலை விரிக்க வேண்டும். எந்த இடத்தைக் குடைய விட்டாரோ அந்த இடத்தில் அவர் வீட்டுத் தாலிப் பொன் மின்ன வேண்டும். அதைப் பார்த்து அவர் வயிறு எரிய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. சின்ன ஆசைதான்.

ஏப்ரல் 19

யூனிஃபார்ம் சேலைக் கொசுவம் சரியாக அந்த இடத்தில்தான் வந்து அழுத்துகிறது. இரண்டு விரல் இறக்கிக் கட்டினேன். சூப்பர்வைசர் தெய்வானை அக்கா மேலும் கீழும் பார்த்தார். "என்ன வசுமதி, ஃபேஷன் எல்லாம் பலமா இருக்குது?" என்றார். வேர்க்குருங்க்கா என்றேன்.

ஏப்ரல் 27

சுற்றிலும் பொருக்கு கட்டுகிறது. பிய்க்கக் கை துறுதுறுவென்கிறது. பிய்க்கவில்லை. ஸ்டேட்டஸில் பெண்ணுக்குப் பூ வைத்த படம். மாமியார் பச்சைப் பட்டு. அதுவும் எங்கள் கடைதான்.

மே 11

உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர்.

மே 24, சனி

பெரியகடை வீதிப் பத்தரிடம் குண்டைக் கொடுத்தேன். உருட்டிப் பார்த்தார். "தாலிக் குண்டுங்களா? இதை எதுக்கு அழிக்கோணும்?" என்றார். மூக்குக்கு என்று பொய் சொன்னேன். அளவைப் பார்த்து, "மூக்குக்கு இத்தனை பெருசா?" என்றார். எனக்கு மூக்கு பெரிசுங்க என்றேன். அதற்கப்புறம் தராசை எடுத்தார்.

ஷெர்லியைப் போய்ப் பார்த்தேன். நன்றாக ஆறுகிறது என்றாள். தங்கம் மாட்டட்டுமா என்றதற்கு முகம் மாறிவிட்டது. "உள்ள இன்னும் பச்சைப் புண்ணுதான். வெளிய பாத்து ஏமாறாதீங்க. தாலித் தங்கத்துல செம்பு இருக்கும், பத்தவச்ச பொடி இருக்கும். ஆறு மாசத்துக்கு முன்னால மாட்டுனீங்கன்னா எங்கிட்ட வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க" என்றாள்.

வெளியே ஆறின மாதிரி இருந்து உள்ளே பச்சையாக இருப்பது எனக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 7, சனி

தெய்வானை அக்கா சொன்னார், ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிப் பார்ட்டி, பத்துப் பன்னிரண்டு பேர், முகூர்த்தப் பட்டு, முன்னாலேயே ஃபோன் செய்து சொல்லிவிட்டார்களாம். ருக்மணி அம்மாள் என்ற பெயரைக் கேட்டதும் என் கையில் இருந்த ரவிக்கைத் துணி கீழே விழுந்தது. எடுத்து மடித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாட்டிவிட்டேன். கம்பியைக் கழற்றி வளையத்தை விடுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அடேயப்பா, எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. அழகாகவும் இருந்தது.

ஜூன் 10

சூடாக இருக்கிறது. கொஞ்சம் சிவப்பு. பழகிவிடும்.

ஜூன் 12, வியாழன்

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நைட்டியில் மஞ்சளாகக் கறை.

"ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சாடி உனக்கு? காதைக் குத்துவாங்க, மூக்கைக் குத்துவாங்க, தொப்புளைப் போயி குத்துவாளாடி ஒருத்தி?"

 அவள் வளையத்தை உற்றுப் பார்த்தாள். எந்தப் பொன் என்று தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். திட்டுவது சட்டென்று நின்றது. அடுப்படிக்குப் போய் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் சூடு காட்டிக்கொண்டு வந்தாள். எண்ணெய் கூடாதும்மா என்றேன்.

"உனக்குக் காது குத்துனப்ப இதைத்தான வெச்சேன்? ஆறாமயா போச்சு? பேசாம படு."

படுத்தேன். விரல் நுனியால் ஊதி ஊதிப் பூசினாள். இரண்டு தடவை ஆப்பரேஷன் ஆனபோதும் அவளை உள்ளே விடவில்லை, பொள்ளாச்சி வழக்கம் அப்படி என்று சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் அவளுக்கு என் வயிற்றில் கை வைக்கக் கிடைத்தது. அதனால்தான் தடுக்கவில்லை போலும்.

ஜூன் 14, சனி

காய்ச்சல். தொப்புள் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. சீழ். டாக்டர் ஊசி போட்டு மாத்திரை எழுதினார். ஷெர்லி திட்டிக்கொண்டே வளையத்தைக் கழற்றி, வழி அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் புதுக் கம்பி போட்டாள். "தங்கமும் போட்டு மஞ்சளும் வச்சீங்களா? ரெண்டும் சேந்தாப்ல? நல்லா இருக்கீங்க" என்றாள்.

அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள். மஞ்சளால் இல்லை, தங்கத்தால்தான் என்று சொன்னேன். பாதி நிஜம்.

வளையத்தை ஒரு மாத்திரை அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன். கழுவவில்லை.

ஜூன் 29

இன்னும் நீர் கசிகிறது. நாலாம் தேதிக்கு மின்ன எதுவும் இல்லை. சரி, போகட்டும். வாயைத் திறக்காமல் இருப்பதுதானே பெரிய பழி. அதற்கு நகை வேண்டியதில்லை.

ஜூலை 4, வெள்ளி

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் மெத்தையில். நவநீதன் வரவில்லை, மாப்பிள்ளை ஜவுளி எடுக்க வரும் பழக்கம் இல்லை. நான் விரிப்புக்குப் பின்னால் நின்றேன்.

ருக்மணி அம்மாள் என்னைப் பார்த்தார். ஒரு நொடி முகம் வெளுத்தது. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தாம்மா, அரக்குல காட்டு" என்றார்.

இந்தாம்மா. ஐந்து வருஷம் அவருக்கு வெந்நீர் வைத்தவள் நான். பெண் வீட்டார் முன்னால் நான் யார் என்று தெரியக் கூடாது, அவ்வளவுதான். "சரிங்க" என்று அரக்கை எடுத்தேன்.

நாற்பது சேலை விரித்திருப்பேன். நடுவில் பெண்ணின் அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. மொதப் பொண்ணுக்கு என்னதானுங்க பிரச்சினை?"

"வயித்துல கோளாறுங்க. எத்தனையோ வைத்தியம் பாத்தோம், நாங்க பண்ணாததா? அந்தப் பிள்ளைக்குக் குடுப்பினை இல்ல" என்றார், என் கையிலிருந்த முந்தானையைத் தடவிக்கொண்டே. "நம்ம மிதுனாவுக்கு அந்தக் கவலையே வேண்டாம். கல்யாணமான கையோட நம்ம டாக்டரம்மாகிட்ட ஒருக்கா காட்டிப்போடலாம். எல்லாம் சுத்தமாப் பாத்துருவாங்க."

அரக்கில் மாம்பழ மஞ்சள் கரை. அது பிடித்துவிட்டது. கட்டிக் காட்டச் சொன்னார்கள். மிதுனாவைத் திரை போட்ட கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

சுடிதாருக்கு மேலே பெல்ட்டைக் கட்டிச் சேலையைச் சுற்றினேன். வயிற்றில் கை பட்டதும் நெளிந்து நெளிந்து சிரித்தாள். "கூச்சமா இருக்குதுங்க்கா." வெறும் கைக்கே இந்தப் பாடு. குழாய் விட்டால் என்ன செய்வாள்?

கொசுவம் எடுக்கும்போது அவள் என் இடுப்பைப் பார்த்தாள். "அக்கா, உங்க சேலைல என்னமோ ஈரம்... ஐயோ, பியர்சிங்கா? நெசமாலுமா? எனக்கும் ரொம்ப நாளா ஆசைங்க்கா. காட்டுங்க ப்ளீஸ்."

காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. குனிந்தவள் கம்பியைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தாள்.

"இது லேப்ராஸ்கோப்பித் தழும்புதானுங்க்கா? குழந்தைக்காகவா?"

"ரெண்டு தடவ."

"உங்களுக்குத்தான் பிரச்சினையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் நான் போட்ட கணக்குப்படி நடக்கும். ஆறு மடிப்பு எடுத்திருந்தேன். ஏழாவதில் கை நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தே பொய் சொல்ல, ருக்மணி அம்மாள் அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"இல்ல கண்ணு. நீ கட்டிக்கப்போற ஆளுக்கு" என்றேன். "என் பேரு வசுமதி."

ஃபோனில் ரிப்போர்ட்டின் இரண்டு பக்கமும் இருந்தது. தினமும் பார்ப்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் படித்தாள். விந்தணுவே இல்லாததற்கு டாக்டர்கள் சொல்லும் பெயரை, அசூஸ்பெர்மியா என்று, வாய்க்குள் சொன்னாள். தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்பக்கத்துக் கையெழுத்து மாமியாருடையது என்றேன். அதை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு அனுப்புங்க்கா" என்றாள். நம்பர் சொன்னாள். அனுப்பினேன். "கொசுவத்தைச் சொருகுங்க" என்றாள். சொருகினேன். திரையைத் தள்ளிக்கொண்டு முகூர்த்தப் பட்டோடு வெளியே போனாள்.

"மகாலட்சுமியாட்டம் இருக்கற சாமி" என்றார் ருக்மணி அம்மாள்.

"அத்தை, பதினெட்டாந்தேதி டெஸ்டுக்கு வெறும் வயித்துலதான் போனாரா?"

"எந்த டெஸ்டு கண்ணு?"

"உங்க மகனுக்கு எடுத்தது. நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே." ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்படியே அவள் அப்பாவிடம் கொடுத்தாள். "அப்பா, படிங்க. புரியலன்னா நான் சொல்றேன்."

 பக்கத்து விரிப்பில் சேலை பார்த்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். அவள் அப்பா படித்தார். ருக்மணி அம்மாளின் அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு, "இதென்ன ருக்கு?" என்றார். ருக்மணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். நான் இரண்டு வருஷமாக மனசுக்குள் பேசிப் பேசி வைத்திருந்த வசனம் எதற்கும் வேலை வரவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். கண் நிறையப் பார்த்தேன். போதும் போதும் என்கிற வரைக்கும் பார்த்தேன். இதை நல்லவள் மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. தித்திப்பாக இருந்தது.

மிதுனா அங்கேயே நின்று சேலையை உருவி என் கையில் கொடுத்தாள். பெண் வீட்டார் எழுந்து லிஃப்டுக்காகக்கூடக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார்கள். அண்ணனும் எழுந்து போனார்.

நாற்பது சேலைக்கு நடுவில் ருக்மணி அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்னடி வேணும் உனக்கு?" என்றார். கடைசியில் என்னைத் தெரிந்துவிட்டது.

அரக்குப் பட்டை மடிப்புக் கலையாமல் மடித்து அவர் முன்னால் வைத்தேன்.

"வேற கலர் ஏதாச்சும் காட்டட்டுங்களாம்மா?"

ஜூலை 5

தெய்வானை அக்கா கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார். காட்டன் பிரிவு. "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். ஆனா மேல உன்னைய வெச்சுக்க முடியாது வசுமதி" என்றார். அங்கே ஏசி கிடையாது. பரவாயில்லை, ஏசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஜூலை 12

பொருக்கு இல்லை. கசிவு இல்லை. அம்மா தள்ளி நின்றே பார்க்கிறாள்.

ஜூலை 16

நாளைக்கு ஆடி. அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. வளையத்தை மாத்திரைப் பெட்டியோடு பதிவுத் தபாலில் பொள்ளாச்சிக்கு அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பொன் உங்களுக்கே. கழுவாமல்தான் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஸ்டேட்டஸில் கல்யாணம் எதுவும் இல்லை. நான் தேடவில்லை.

சாயங்காலம் மிதுனாவிடமிருந்து செய்தி. 'அக்கா, உங்களுக்குக் குத்துனவங்க அட்ரஸ் குடுங்க. எங்கம்மாவும் கூட வர்றாங்க.'

ஷெர்லியின் நம்பரை அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'உப்புத் தண்ணி மட்டும் போதும். இடுப்புல இறுக்கிக் கட்டாத. உங்கம்மா மஞ்சளோட வந்தா மட்டும் கதவைச் சாத்திக்கோ.'

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் அனுப்பினேன்: 'இல்ல, சாத்தாத. பக்கத்துல உக்கார வெச்சுக்கோ. மஞ்சளை மட்டும் வாங்கி வெச்சுரு.'